நீரால் எரிந்த விளக்கும் ஸ்ரீவைகுண்டத்துத் தாம்பூலமும்

யானைமுகப் பெருமானின் இரு திருவடிகளையும் தலைமேற்கொண்டு, நெல்லையில் மூங்கிலடியில் முளைத்தருளிய அப்பனையும், அவன் அருகிருந்து அருளும் வடிவுடை அன்னையையும், அவர்கள் கோயில் கொண்ட நாட்டை நனைத்து ஓடும் பொருநை நதியையும் வணங்கி, இச்சிறு பயண விவரத்தை எழுதத் தொடங்குகிறேன். இதில் பிழை இருப்பின் அது என்னுடையது. இனிமை இருப்பின் அது அந்த ஆற்று நீருடையது.

தை மாதம், வளர்பிறைத் துவிதியையும் அவிட்ட நட்சத்திரமும் கூடிய திங்கட்கிழமை மாலை கொழும்புத் துறையில் கப்பலேறினேன். திங்களுக்குக் கிழக்கே சூலம். நான் போவதோ வடக்கே. ஆகையால் மனத்தில் ஐயமின்றிப் புறப்பட்டேன்.

கொழும்பில் அரிசி, பருப்பு வணிகம் செய்து முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. பாளையங்கோட்டையில் வக்கீலாக இருக்கும் சங்கரலிங்கத்துக்கு என் மகள் பிச்சம்மாளைக் கொடுத்திருக்கிறேன். அவர்கள் மகள் காந்திமதிக்கு ஸ்ரீவைகுண்டத்தில் ஒரு நல்ல சைவக் குடும்பத்தில் வரன் அமைந்திருந்தது. தாம்பூலத்தைத் தங்கள் வீட்டிலேயே மாற்ற வேண்டும் என்பது மாப்பிள்ளை வீட்டார் விருப்பம். தாய்வழிப் பாட்டனாகிய நான் இல்லாமல் தட்டைத் தூக்குவதில்லை என்று மருமகன் இரண்டு கடிதம் எழுதியிருந்தார். இரண்டாவது கடிதத்தின் அடியில், தாம் மோட்டார் வண்டி ஒன்று வாங்கியிருப்பதாகவும் அதைத் துறைமுகத்துக்கு அனுப்புவதாகவும் ஒரு வரி இருந்தது. அந்த ஒரு வரிக்காகத்தான் கடிதமே எழுதினாரோ என்று எனக்குத் தோன்றியது.

செவ்வாய்க்கிழமை காலை தூத்துக்குடிக்கு எதிரே கப்பல் நின்றது. நின்ற இடத்திலிருந்து கரை ஒரு கோடுபோல் தெரிந்தது. கொழும்பில் கப்பல் துறைக்குள் வந்து நிற்கும். இங்கே பயணிகள் கூடையிலிட்ட கத்தரிக்காய்போல் படகில் இறங்கிக் குலுங்கிக்கொண்டு கரை சேரவேண்டும். கருவாடு வாங்க வந்த சிங்கள வணிகர் ஒருவர் படகின் விளிம்பைப் பற்றிக்கொண்டு தம் மொழியில், "உங்கள் ஊர் விருந்தாளியை வாசலில் வந்து அழைக்காது போலிருக்கிறதே" என்றார். "உள்ளே வந்து பாரும், இலையை விட்டு எழவிடாது" என்று அதே மொழியில் விடை சொன்னேன்.

கரையில் என்னை எதிர்கொண்டவர் வண்டியோட்டி சூசை. தூத்துக்குடிக் கடற்கரைக் கத்தோலிக்கர். நாற்பது வயதிருக்கும். துறைமுகத்தில் நீராவிப் படகின் இயந்திரம் பார்த்தவர் என்று மருமகன் எழுதியிருந்தார். என் பெட்டியை வாங்கிக்கொண்டு, "படியைப் பாத்து ஏறுங்க ஐயா. வண்டி பைய ஆடும், பயப்படாதிய" என்றார். கப்பலில் ஆடியவனுக்கு இது என்ன என்று எண்ணி ஏறினேன். அந்த எண்ணம் ஊர் எல்லை வரைகூட நிலைக்கவில்லை.

இட்டிலியும் நல்லெண்ணெயில் குழைத்த மிளகாய்ப்பொடியும் உண்டு, துறையில் தெரிந்த வணிகர்களைப் பார்த்துவிட்டுப் புறப்படப் பிற்பகல் ஆயிற்று. இருபுறமும் பனைகள் நிற்கச் செம்மண் புழுதியில் வண்டி பறந்தது. வல்லநாட்டு மலையைத் தாண்டும்போது பொழுது சாய்ந்தது. சூசை வண்டியை நிறுத்தி, முகப்பிலிருந்த இரண்டு பெரிய பித்தளை விளக்குகளின் கண்ணாடியைத் திறந்தார்.

"இதுக்கு எண்ணெய் எங்கன ஊத்துவீரு?" என்று கேட்டேன்.

"எண்ணெய் கிடையாது ஐயா. தண்ணிதான்."

வேடிக்கை பேசுகிறார் என்று நினைத்தேன். அவர் என்னை இறங்கச் சொல்லி, வண்டியின் பக்கப் படிமேல் பொருத்தியிருந்த பித்தளைப் பாத்திரத்தைக் காட்டினார். அதில் இரண்டு அறைகள். மேலறையில் நீர். கீழறையில் கார்பைடு என்னும் சாம்பல்நிறக் கல். நடுவே ஊசிமுனை கொண்ட ஒரு சிறு திருகு. அதைச் சற்றே தளர்த்தினால் நீர் சொட்டுச் சொட்டாகக் கல்லின்மேல் விழும். கல் பொங்கி ஒரு வாயுவை விடும். அவ்வாயு ரப்பர்க் குழாய் வழியே இரு விளக்குக்கும் போகும். அவர் தீக்குச்சியைக் காட்டினார். வெள்ளிக்கம்பி நிறத்தில் சுடர் எழுந்தது. சாலை நெடுகப் பனைகள் ஒவ்வொன்றாக வெளுத்துத் தோன்றின. பூண்டு உரித்தாற்போல் ஒரு நாற்றமும் வந்தது. அதை நான் பொருட்படுத்தவில்லை.

என் உள்ளம் அப்போது வேறெங்கோ இருந்தது. எண்ணெய் கிடைக்காத ஒரு நாளில் குளத்து நீரை முகந்து வார்த்துத் திருக்கோயில் விளக்கை விடியுமளவும் எரித்த அடியார் ஒருவரின் வரலாற்றை நம்மவர் அனைவரும் அறிவர். அதைக் கேட்டுக் கண்ணீர் விட்ட நாட்கள் எனக்கு உண்டு. அந்த அற்புதம் என் பேத்தி வீட்டு வண்டியின் முகப்பில் நிகழ்வதாகவே கண்டேன். பாளையங்கோட்டை சேரும்வரை பதிகம் பாடிக்கொண்டே வந்தேன். விளக்குகள் இம்மியும் அசையவில்லை.

புதன்கிழமை காலை குறுக்குத்துறையில் நீராடினேன். கொழும்பில் குழாய்த் தண்ணீரில் குளித்துக் குளித்துத் தோல் மறந்துபோன ஒன்றை ஆறு நினைவூட்டியது. பனிக்காலத்து நீர். முதல் முழுக்கில் பல் கிட்டியது. மூன்றாவதில் எழ மனம் வரவில்லை. கரையேறி, ஒரு செம்பு நீர் முகந்து, அதில் ஒரு சிட்டிகைத் திருநீறு இட்டு ஐந்தெழுத்தை ஓதிக் கலக்கினேன். வண்டியருகே வந்து பித்தளைப் பாத்திரத்தின் மூடியைத் திறந்து, இருந்த நீரைக் கவிழ்த்துவிட்டு இதை ஊற்றினேன். நீரால் எரியும் விளக்குக்கு வெறும் கிணற்று நீரை வார்ப்பானேன் என்பது என் கருத்து. சூசை ஏதோ சொல்ல வாயெடுத்தார். பின்பு அக்கரையில் நின்ற மருதமரத்தைப் பார்த்துக்கொண்டார்.

அன்று சேரன்மகாதேவியில் இருக்கும் என் ஒன்றுவிட்ட தமையனாரிடம் தாம்பூலச் செய்தி சொல்லிவரப் போனோம். வழியெங்கும் பிசான நெற்பயிர் கதிர்விடும் பருவம். பச்சை நடுவே வெண்கொக்குகள். இத்தனையும் பார்த்துக்கொண்டிருக்கையில் துப்பாக்கி வெடித்தாற்போல் ஓர் ஓசை. வண்டிமாட்டின் லாடத்து ஆணி ஒன்று சக்கரத்தில் ஏறிவிட்டது. புல்லறுப்பை விட்டுப் பெண்களும், மடை பார்ப்பதை விட்டு ஆண்களும் வந்து சூழ்ந்தார்கள்.

"மாடு இல்லாத வண்டிக்கு மாட்டு ஆணி எதுக்குவே?" என்றார் ஒருவர்.

"மாட்டுக்குப் பொறாமை. தன் வேலையைப் பிடுங்கிட்டான்னு ஆணியை உதுத்துட்டுப் போயிருக்கு."

"ஏலே, அந்தச் சக்கரத்துக்கும் ஒரு லாடம் அடிச்சிட்டா தீந்துதுலா."

சூசை இவை எதற்கும் தலைநிமிராமல் ரப்பரில் ஒட்டுப்போட்டார். ஒருவர் எனக்கு வரப்பில் பறித்த வெள்ளரிப்பிஞ்சு இரண்டு கொடுத்தார். காசு நீட்டினேன். "வண்டியை ஒருக்க ஊதிக் காட்டச் சொல்லுங்க, அது போதும்" என்றார். சூசை ஊதினார். கொக்குகள் எல்லாம் எழுந்து பறந்தன. கூட்டம் மனநிறைவோடு வயலுக்குத் திரும்பியது.

தமையனார் வீட்டில் சொதி. கொழும்பிலும் சொதி என்று ஒன்று உண்டு. தேங்காய்ப்பாலில் மஞ்சளும் மிளகாயும் மிதக்கும். சோற்றில் விட்டால் தேடவேண்டும். சேரன்மகாதேவிச் சொதியோ பாசிப்பருப்பும் முருங்கையும் உருளையும் இஞ்சிச்சாறும் எலுமிச்சையும் கூடி இலையில் தானே நிற்கும். சூசைக்கும் பக்கத்து அறையில் இலை போட்டார்கள். மூன்று முறை விட்டுக்கொண்டதாகப் பின்னர் ஒப்புக்கொண்டார்.

திரும்பும்போது அந்திநேரம். விளக்கை ஏற்றிச் சற்றுத் தூரம்தான் வந்திருப்போம், சுடர்கள் துடிக்கத் தொடங்கின. உயர்ந்தன, தாழ்ந்தன, மறுபடி உயர்ந்தன. எதிரே வந்த வைக்கோல் வண்டிக்காரர் ஒதுங்கி நின்று, "என்ன அண்ணாச்சி, உங்க வண்டி என்னைப் பாத்துக் கண்ணடிக்கி" என்றார்.

சூசை இறங்கிச் சுடர் எரியும் முனைகளை மெல்லிய கம்பியால் குத்திச் சுத்தம் செய்தார். பயனில்லை. நான் ஒரு பதிகம் தொடங்கினேன். முதற்பாட்டுக்கு ஒளி நன்றாக ஏறிற்று. இரண்டாம் பாட்டில் இறங்கிற்று. குற்றம் என் குரலில் இருக்கலாம் என்று எண்ணிச் சுருதியைச் சற்றே உயர்த்திப் பாடினேன். அப்படியே நடுங்கும் ஒளியில், நடக்கும் வேகத்தில், வீடு சேர்ந்தோம்.

வாசலில் பேத்தி காந்திமதி நின்றாள். விளக்கைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். அவள் தனக்குப் பேசியிருக்கும் பிள்ளையைத் தேர்த்திருவிழாவில் ஒருமுறை பார்த்திருக்கிறாள் என்று பிச்சம்மாள் சொல்லியிருந்தாள். "தாத்தா, நாளைக்கு இந்த வண்டியிலதான் அவுக வீட்டுக்குப் போறியளா?" என்று கேட்டாள். ஆம் என்றேன். "விளக்கு சரியாயிரும்லா?" என்றாள். தாயிடம் கேட்கக் கூச்சப்பட்ட கேள்வி அதற்குள் இருந்தது. சரியாகிவிடும் என்று வாக்குக் கொடுத்தேன்.

வியாழக்கிழமை பஞ்சமி, உத்திரட்டாதி. தட்டு மாற்ற உகந்த நாள். காலையிலேயே சூசை ரப்பர்க் குழாய்களைக் கழற்றி ஊதினார். உள்ளிருந்து சில துளி நீர் தெறித்தது. "குழாய் தொங்குன இடத்துல தண்ணி தங்கியிருக்கு. காத்து போக வழியில்லாம முக்குது" என்று சொல்லி, குழாயைத் தொய்வில்லாமல் இழுத்துக் கட்டினார். பிறகு எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, பித்தளைப் பாத்திரத்தை நெடுநேரம் ஏதோ செய்தார். என்னவென்று கேட்டேன். "தூசி ஐயா" என்றார்.

நண்பகலில் மருமகன், மகள், நான், தாம்பூலத் தட்டுகள் எல்லாரும் புறப்பட்டோம். ஸ்ரீவைகுண்டத்து அணைக்கட்டில் நீர் வெள்ளிப் பாய்போல் வழிந்துகொண்டிருந்தது. மாலைவரை நேரமிருந்ததால் அங்கே மறுபடியும் நீராடினேன். அடுத்து நான் செய்ததை ஒளிக்காமல் எழுதுகிறேன். விளக்கு நோயுற்றிருக்கிறது என்பது என் எண்ணம். நோய்க்கு மருந்து கூடுதலாக வேண்டும் அல்லவா. ஆகவே ஒரு செம்பு நீரில் மூன்று சிட்டிகைத் திருநீறும், போதாததற்கு அரைத்த சந்தனம் சிறிதும் கலந்து, சூசை பூவும் பழமும் வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்த நேரத்தில், பாத்திரத்தை நிரப்பிவிட்டேன்.

விளக்கேற்றும் வேளையில் மாப்பிள்ளை வீட்டு வாசலுக்குப் போய் நின்றோம். தெருவே கூடியிருந்தது. பிள்ளையின் தந்தையார் நிலபுலன் உள்ளவர். ஊருக்குள் அதிகம் பேசுவார், வீட்டுக்குள் தலையசைப்பார். தாயார் கோமதியம்மாள் ஆரத்தித் தட்டோடு படியிறங்கி வந்தார். முகப்பு விளக்குகளின் ஒளி அவர் முகத்தில் விழுந்தது. அவர் இரண்டாவது படியில் கால் வைக்கையில் ஒளி துடித்தது. மூன்றாவது படியில் சிறுத்தது. அவர் தெருவில் கால் வைத்தபோது இரண்டு விளக்கும் ஒருசேர அணைந்தன.

ஆரத்திச் சுடர் மட்டும் எரிந்தது.

கோமதியம்மாள் தட்டைத் தாழ்த்தினார். "அண்ணாச்சி, தப்பா நினைக்காதிய" என்றார் என்னிடம். "வாசலுக்கு வந்த விளக்கு ரெண்டும் ஒண்ணா அணைஞ்சிட்டு. இப்பம் தட்டு மாத்த எனக்கு மனசு வரலை. நாளைக்கு வெள்ளி, சஷ்டி. அந்திக்கு இதே வாசல்ல இதே விளக்கு நின்னு எரியட்டும். எரிஞ்சா மாத்துவோம்."

"எரியலைன்னா?" என்றார் மருமகன்.

"அதை எதுக்குத் தம்பி இப்பமே பேசணும்?" என்றார் அம்மையார். "உள்ள வாங்க, இலை போட்டாச்சு."

சம்பந்தம் தொங்கலில் இருந்தாலும் சாப்பாட்டில் ஒரு குறை வைக்கவில்லை. தீயல், அவியல், பருப்புப் பாயசம், கோழிக்கூட்டு வாழைப்பழம். என் மகள் ஒவ்வொரு கவளத்தையும் தலைகுனிந்து விழுங்கினாள். வீட்டில் காத்திருக்கும் பெண்ணுக்கு என்ன சொல்வது என்பதே அவள் கவலை. எனக்கும் அதுவே. பாயசத்தின் இனிப்பு நாக்கோடு நின்றுவிட்டது. பின்னர் அவர்களே தங்கள் வண்டிக்கொட்டகையையும் அதை ஒட்டிய இரண்டு அறைகளையும் எங்களுக்குத் திறந்துவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை காலை சூசை அந்த வண்டிக்கொட்டகையில் வேலையைத் தொடங்கினார். மருமகன் புது விளக்குக்குச் சென்னைக்கு எழுதலாம் என்றார்.

"எழுதி வாறதுக்குள்ள மாசி வந்திரும் சார்" என்றார் சூசை. "விளக்குல குத்தம் இல்லை. எரியுத முனையில குத்தம்னா ஒரு விளக்குதானே நடுங்கும்? ரெண்டும் ஒண்ணாத்தான் நடுங்குது, ஒண்ணாத்தான் அணையுது. அப்பம் கோளாறு ரெண்டுக்கும் பொதுவான இடத்துல இருக்கு. குழாயைப் பாத்தாச்சு. இனி தண்ணிப் பாத்திரம்தான்."

அவர் பாத்திரத்தைக் கழற்றினார். கல்லை மாற்றினார். திருகை எடுத்துத் துணியால் துடைத்தார். கிணற்று நீர் ஊற்றி, கொட்டகைக் கதவைச் சாத்தி இருட்டாக்கி, விளக்கை வெளியே திருப்பிவைத்துக் கொளுத்தினார். சுடர் கல்லில் செதுக்கியதுபோல் நின்றது. நான் இரண்டு பதிகம் முழுவதும் பாடி முடித்தேன். அசையவில்லை. எனக்கிருந்த மகிழ்ச்சியில் நேரே ஆற்றுக்குப் போனேன். நன்றி சொல்லி நீராடினேன். மாலைக்கு வேண்டிய நீரை ஒரு செம்பில் முகந்து, வழக்கம்போல் திருநீறிட்டு, ஈரத்துணியோடு வந்து பாத்திரத்தின் மூடியைத் திறந்தேன்.

சூசை தம் உள்ளங்கையால் அதன் வாயை மூடிக்கொண்டார்.

"வேண்டாம் ஐயா."

"என்ன வேண்டாம்?"

"அந்தத் தண்ணி."

"தாமிரபரணித் தண்ணியாவே வேண்டாம்?"

"தண்ணி வேணும். அதுல கலந்திருக்கியளே, அது வேண்டாம்."

எனக்குச் சினம் மூண்டது. ஒரு வண்டியோட்டி, அதிலும் வேற்று மதத்தவர், திருநீற்றை வேண்டாம் என்கிறாரே என்று ஒரு கணம் நினைத்தேன். நினைத்ததற்கு இன்றும் நாணுகிறேன். அவர் கையை எடுக்கவில்லை. மற்றக் கையால் கொட்டகைச் சுவரின் மேல்விளிம்பிலிருந்து ஒரு வாழையிலைப் பொட்டலத்தை எடுத்து என்னிடம் தந்தார். பிரித்தேன். உள்ளே சாம்பல்நிறத்தில், சந்தன மணத்தோடு, காய்ந்த களிம்பு.

"நேத்துக் காலையிலயும் இன்னைக்குக் காலையிலயும் அந்தத் திருகுல சுரண்டுனது. ஊசிமுனை வாயில்லா ஐயா, சிட்டிகை போதும், அடைச்சிரும். கொஞ்சம் சொட்டும், நிக்கும், பொறவு சொட்டும். அதான் நடுங்குது. நேத்து சந்தனமும் சேந்துட்டு, ஒரேயடியா நின்னுட்டு."

"இதை எதுக்கு எடுத்து வச்சிருக்கீரு?"

"காலு படுத இடத்துல போட மனசு வரலை."

நான் அந்தப் பொட்டலத்தைப் பார்த்தபடி நின்றேன். "நேத்தே சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"நான் வேதக்காரன், மாதா கோயிலுக்குப் போறவன். திருநீத்தால விளக்கு அணைஞ்சிட்டுன்னு நான் சொன்னா ஊரு என்ன சொல்லும்? நீங்க என்ன நினைப்பிய? சொல்லாமலே துடைச்சு வச்சிருவோம்னு பாத்தேன். நான் துடைக்கத் துடைக்க நீங்களும் விடலை."

பிறகு அவரே தயங்கிச் சொன்னார். "எங்க வீட்டுக்காரி மாதா கோயில் தீர்த்தத்தைக் கொண்டாந்து படகு எஞ்சின்ல ஊத்தச் சொன்னா. நான் படகு மேல தெளிச்சேன். எஞ்சின்ல ஊத்தலை. தெளிக்கது வேற, ஊத்துதது வேற ஐயா."

அந்த அடியார் குளத்து நீரை முகந்தார், அப்படியே வார்த்தார். அதில் எதையும் கலந்ததாக வரலாறு சொல்லவில்லை. அவருக்கு நீர் போதுமாயிருந்தது. எனக்குத்தான் போதவில்லை. சூசையின் கையைப் பிடித்து விலக்கி, என் செம்பு நீரை வாழைமரத்தடியில் ஊற்றினேன். பொட்டலத்திலிருந்ததை ஆற்றில் கரைத்துவரச் சொன்னேன். "கோவப்பட்டுட்டேன், பொறுத்துக்கிடும்" என்றேன். "கோவமா, நான் பாக்கலையே" என்றார் அவர்.

மருமகனிடம் சொன்னேன். வக்கீல் அல்லவா, உடனே வழி கண்டுபிடித்தார். "மாமா, இதை அங்க சொல்ல வேண்டாம். கல்லு பழசு, மாத்தியாச்சுன்னு சொல்லிருவோம். அந்திக்கு விளக்கு எரியப்போவுது. அது போதும்லா?"

"போதாது மாப்பிள்ளை" என்றேன். "நேத்து அணைஞ்சது சகுனமாத்தான் அவுக மனசுல இருக்கும். நாளைக்கு அந்த வீட்டுல ஒரு மாடு நொண்டினாலும், ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும், எல்லாரும் காந்திமதியைத் திரும்பிப் பாப்பாக. அணைச்சது என் கை. அதை நானே சொல்லணும்."

அவர் கொட்டகையிலேயே இருந்துகொண்டார். நான் சம்பந்தி வீட்டுக்குள் போனேன். சூசையையும் உடன் அழைத்துக்கொண்டேன்.

கோமதியம்மாள் கூடத்தில் ஊசியால் பூக் கோத்துக்கொண்டிருந்தார். அவர் கணவர் ஊஞ்சலில் இருந்தார். குறுக்குத்துறை முதல் அணைக்கட்டு வரை நான் செய்தவை அனைத்தையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். சிட்டிகைக் கணக்கையும் சொன்னேன். சந்தனத்தை மறைத்துவிட ஒரு கணம் ஆசை எழுந்தது. அதையும் சொன்னேன். அம்மையார் கேட்டுக்கொண்டே கோத்தார். நான் முடித்ததும் ஊசியைக் கையோடு எடுத்துக்கொண்டு எழுந்து அடுக்களைக்குள் போனார். முடிந்தது என்றே நினைத்தேன்.

திரும்பி வந்தபோது அவர் கையில் ஒரு தேங்காய்ச் சிரட்டை இருந்தது. அதன் கண்ணில் பூவூசியால் துளையிட்டார். சூசையைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி அதில் நீர் வார்த்தார். சொட்டுகள் ஒழுங்காக விழுந்தன. பிறகு மாடத்திலிருந்து திருநீற்றுக் கிண்ணத்தை எடுத்து, "எத்தனை சிட்டிகை அண்ணாச்சி?" என்று கேட்டார்.

"மூணு" என்றேன்.

இட்டுக் கலக்கினார். சொட்டு தயங்கிற்று. ஒன்று விழுந்தது. நெடுநேரம் கழித்து இன்னொன்று. பிறகு சிரட்டையின் அடியில் ஒரு துளி தொங்கியபடியே நின்றது. ஊஞ்சலில் இருந்தவரும் இறங்கிவந்து குனிந்து பார்த்தார்.

"நிக்கத்தான் செய்யுது" என்றார் அம்மையார். அந்தத் துளியை விரலால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். சேலைத் தலைப்பால் வாயை மூடியும் நிற்கவில்லை. "சந்தனமும் போட்டியளாக்கும்? ஏன் அண்ணாச்சி, கொஞ்சம் பஞ்சாமிர்தமும் விட்டிருக்கலாம்லா?"

கணவரும் சிரித்தார். சூசை சிரிப்பை அடக்கச் சிரட்டைக்குள் பார்த்துக்கொண்டார்.

"பெண் வீட்டுல குறை ஒண்ணும் தெரியலையேன்னு எனக்கு உள்ளூரப் பயமாத்தான் இருந்துது" என்றார் அம்மையார். "தெரிஞ்சு போச்சு. பெண்ணுக்கு இல்லை, தாத்தாவுக்கு. இவ்வளவு தூரம் வந்து இதைச் சொல்லுத மனுசாள் வீட்டுப் பிள்ளையை நான் எதுக்கு விடப்போறேன்?"

அந்தியில் வண்டி மறுபடியும் வாசலில் நின்றது. விளக்குப் பாத்திரத்துக்குத் தம் வீட்டுக் கிணற்றிலிருந்து தம் கையால் இறைத்த நீரையே அம்மையார் வார்த்தார். சூசை திருகைத் திறந்தார். நான் இரு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். சுடர் எழுந்து நின்றது. ஆரத்தி சுற்றினார்கள். தட்டு மாற்றினோம். பிள்ளை நமச்சிவாயம் வந்து வணங்கினார். நல்ல முகம். என்னைவிட விளக்கையே அதிகம் பார்த்தார் என்பதையும் குறிக்கவேண்டும். பங்குனியில் முகூர்த்தம் குறித்தார்கள். அத்தனை நேரமும், வெற்றிலை பிரித்து, பாக்கு வைத்து, பத்திரிகை வாசித்து, பெரியவர்கள் ஒவ்வொருவராக வாழ்த்தி முடிக்கும்வரை, இரண்டு சுடர்களும் இமை கொட்டவில்லை.

புறப்படும்போது அம்மையார் வண்டியருகே வந்தார். "கல்யாணத்துக்குப் பெண்ணு இந்த வண்டியிலதான் எங்க வாசலுக்கு வரணும், விளக்கேத்தி" என்றார். "ஒரு நிபந்தனை அண்ணாச்சி. தண்ணி ஊத்துதது சூசை. நீங்க பின்னால, ரெண்டு கையிலயும் பெரிய தாம்பாளத்தைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்து வரணும். வழியில எங்கயும் கீழ வைக்கக் கூடாது."

ஒப்புக்கொண்டேன். பங்குனியில் அப்படியே செய்தேன். பாளையங்கோட்டையிலிருந்து ஸ்ரீவைகுண்டம் வரை தேங்காய், பழம், பட்டு எல்லாம் குவிந்த தாம்பாளம் என் மடியில். கை மரத்துப்போயிற்று. அருகில் காந்திமதி. முன்னே, பொருநைக் கரை நெடுக, வாழைத்தோட்டங்களின்மேல் விழுந்து போய்க்கொண்டிருந்த வெள்ளை வெளிச்சம். ஒருமுறைகூட அது நடுங்கவில்லை. அவள் ஒருமுறைகூட அதிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

இதைப் படித்தோரும், அருகிருந்து படிக்கக் கேட்டோரும் நீடு வாழ்க. அவர்கள் இல்லத்தில் ஏற்றிய விளக்கு ஏற்றியபடி நின்று ஒளிர்க. பேசிய மணம் பேசியபடி கூடுக. அவர்கள் செல்லும் வழிதோறும் ஒளி முன்னே செல்க. பொருநை வற்றாதிருக்க. எல்லாம் வல்ல நெல்லையப்பர் திருவருள் முன்னிற்க.